நூற்றிரண்டு ராத்தல்

இன்று மூன்றாம் பீரியடில் எங்கள் பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வேப்பமரத்துத் தேன்கூட்டைக் கலைக்க ஈரக் கயிற்றைக் கொளுத்திப் புகை போட்டார். அந்த வாடை ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்தது. தேங்காய்நார் கருகுகிற வாடை. நான் கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டோடு நின்றுவிட்டேன். வாத்தியார் கணக்கை மறந்துவிட்டார் என்று பிள்ளைகள் நினைத்திருக்கும். மறந்தால்தான் தேவலையே.

நீ போய் இன்றோடு இருபத்து நாலு நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிடுகிறேன், பரீட்சைத்தாள் திருத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். 'சிநேகிதன் போனதைத் தாங்கிக்கிட்டார் பாரு' என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தாங்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வாடை எனக்கு எதை நினைவுபடுத்தியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் மாமாவின் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தபிறகு சும்மா கிடந்த கமலைக் கயிற்றை நீ அள்ளிக்கொண்டு வந்தாயே, அந்தக் கயிறு. பழனி ரோட்டில் உன் லாரிப் பட்டறையில் அதைப் புகைய வைத்த மாதம் அது. ஆறு வருஷம் ஆகிறது.

முதலில் நீ வந்து நின்றது என் வீட்டு வாசலில். கையில் உன் பழைய சீமைக் காரின் பதிவுப் புத்தகம், இன்னொரு கையில் மதுரைப் பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய சீமைப் பத்திரிகை. உள்ளே வரக்கூட இல்லை.

"ஏலே வாத்தி, இதுல பத்து எச்.பி.ன்னு போட்டிருக்கான். எங்க மாமா கெணத்து மோட்டாரே அஞ்சு எச்.பி. அப்போ என் வண்டி ரெண்டு கெணத்து மோட்டார்தானா?"

அது வரி போடுவதற்காகச் சீமைக்காரன் எழுதிவைத்த குதிரைச் சக்தி, ஓடுகிற குதிரை வேறு என்று நான் விளக்கினேன். உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உன் வண்டியை யாரோ கேவலமாகப் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டது போல் சிரித்தாய். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். மதராஸுக்கு வடக்கே, யுத்த காலத்து விமானத் திடலில் கார் பந்தயம். அதில் ஒரு பிரிவு, நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல் ஓடுவது. நம் கணக்கில் இரண்டு பர்லாங். காலையில் ஒரே ஒரு தரம் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். இருபது செகண்டுக்குள் வந்தால் மத்தியானப் பந்தயத்தில் இடம். தாண்டினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கலாம். கோயமுத்தூர்ப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் தன் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக் தேடுவதாகவும், மத்தியானம் ஓடுகிற வண்டிகளைப் பார்த்து ஆள் எடுக்கப்போவதாகவும் உனக்குச் சேதி வந்திருந்தது.

"வெங்காய லாரிக்கு ஆக்சில் மாத்தியே நான் செத்துப்போவேன் போல வாத்தி. ஒரே ஒரு தடவ நான் செஞ்ச இன்ஜின நாலு பேரு பாக்கணும்" என்றாய். நீ எதற்கும் கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்றைக்கு உன் குரல் கெஞ்சுகிற குரல்தான்.

அந்தப் பத்திரிகையில் இருந்தது ஒரு சுருக்கு வழி. வண்டியின் எடையை ராத்தலில், அதாவது பவுண்டில், எடுத்துக்கொள், இன்ஜினின் குதிரையால் வகு, கனமூலம் எடு, ஆறால் பெருக்கு. வருவதுதான் கால் மைலுக்கு ஆகும் செகண்டு. எனக்கு அது வெல்லக்கட்டி. இருபது செகண்டிலிருந்து பின்னோக்கிப் போட்டால் முப்பத்தேழு வந்தது. முப்பத்தேழு ராத்தல் எடைக்கு ஒரு குதிரை வேண்டும்.

"அப்போ சிறுமலை வாழைத்தாரு ஒண்ணுக்கு ஒரு குதிரைன்னு சொல்லு!" என்றாய். அதன்பிறகு உன் வாயில் குதிரையே வரவில்லை. "மொத்தம் எத்தன தாரு வாத்தி?" என்றுதான் கேட்பாய்.

அதைச் சொல்ல எடை தெரியவேண்டும். இன்ஜினின் தலையை, அந்தச் சிலிண்டர் மூடியை, எவ்வளவு இழைப்பது என்பது அதைப் பொறுத்தது. கொஞ்சமாக இழைத்தால் பலம் போதாது, அதிகமாக இழைத்தால் இன்ஜின் பாதியிலேயே வெடித்துக்கொள்ளும், இழைத்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால்தான் முதலில் எடை. திண்டுக்கல்லில் லாரி எடை போடுகிற இடத்தில் கேட்டோம், காரையெல்லாம் ஏற்ற முடியாது என்று விரட்டினார்கள். நீ ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் எடைக்காரரைப் பிடித்தாய். அவருடைய லாரியை நீ ஒரு தரம் மழையில் நனைந்துகொண்டு சரிசெய்து கொடுத்திருந்தாய்.

மூட்டை போடுகிற பிளாட்பாரத் தராசு அது. பலகை வைத்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினோம். ஓட்டுகிறவனும் சேர்ந்துதானே எடை என்று உன்னை உள்ளே உட்காரச் சொன்னது நான். அந்த யோசனை எனக்கு வந்ததில் எனக்கே ஒரு பெருமை. நீ கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். எடைக்காரர் தராசுக் கம்பியைத் தட்டித் தட்டி எண்ணைக் கூவினார். நானூற்று அறுபத்திரண்டு. நானூற்று ஐம்பத்தெட்டு. பின் சக்கரங்கள் முன்னூற்றுத் தொண்ணூற்று நாலு, முன்னூற்று எண்பத்தெட்டு. கிலோ வந்து சட்டமும் ஆகிவிட்டது, மண்டிக்காரர் வாயை விட்டு மட்டும் ராத்தல் போகவில்லை. நமக்கும் ராத்தல்தான் வேண்டியிருந்தது. கூட்டினேன், ஆயிரத்து எழுநூற்றிரண்டு. முப்பத்தேழால் வகுத்தால் மீதியில்லாமல் நாற்பத்தாறு.

மீதியில்லாமல் வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கணக்கு வாத்தியார்களுக்கு இது ஒரு வியாதி. மீதியில்லாமல் வந்துவிட்டால் அது ஆண்டவர் கொடுத்த விடை என்று நினைத்துக்கொள்வோம்.

பிறகு கயிறு. லாரியின் பழைய பிரேக் டிரம்மை இன்ஜினோடு பூட்டி, அதன்மேல் கமலைக் கயிற்றைச் சுற்றி, ஒரு நுனியில் எடைக்கல்லும் மறுநுனியில் வில்தராசும் மாட்டினோம். இன்ஜின் சுற்றும், கயிறு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். எவ்வளவு பாரத்தை எதிர்த்து எவ்வளவு வேகம் சுற்றுகிறது என்று பார்த்தால் குதிரை தெரிந்துவிடும். நீ தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பாய், இருந்தும் கயிறு புகையும். முதல் நாள் முப்பத்தெட்டு. மயிரிழை மயிரிழையாகத் தலையை இழைத்தாய். நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாற்பத்தாறு. பட்டறையே இருமிக்கொண்டு நின்றது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய், என் வேட்டியெல்லாம் கரி.

"நாப்பத்தாறு தாரு ஏத்தியாச்சு! இனிமே என் கையில ஒண்ணுமில்ல. வாத்தி கணக்கு தப்பாது" என்றாய். அந்த வாரம் முழுக்க, பஞ்சர் ஒட்ட வந்தவனிடம்கூட அதையே சொன்னாய்.

வண்டியை ஓட்டி நேரம் பார்க்காமலா இருந்தோம்? பழனி ரோட்டில் இரண்டு தரம் முயன்றோம். ஒரு தரம் புகையிலை ஏற்றிய மாட்டுவண்டி, ஒரு தரம் ஆட்டுமந்தை. முழுதாக இரண்டு பர்லாங் நமக்குக் கிடைக்கவே இல்லை. பரவாயில்லை, கணக்கு இருக்கிறதே என்றோம்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது.

நாம் மதராஸுக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தது. எங்கள் மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்குச் சின்ன வெங்காயம் வாங்க என்னை ஒட்டன்சத்திரம் அனுப்பினார்கள். அதே மண்டி, அதே தராசு, அதே எடைக்காரர். மூட்டையை ஏற்றினார். இந்தத் தரம் நான் கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கம்பி நூற்றாறில் நின்றது. அவர் "நூறு" என்று கூவினார்.

"நூத்தாறு காட்டுதே" என்றேன்.

"கழிவுங்க. சாக்கு இருக்குது, மண்ணு இருக்குது, நாலு அழுகல் இருக்குது. நூறுன்னு எழுதோணும்னா நூத்தாறு நிக்கோணுமுங்க. இந்த மண்டி பொறந்ததிலிருந்து அப்படித்தானுங்க."

கம்பியை மறுபடி பார்த்தேன். "அன்னைக்கு ஒரு காரை எடை போட்டீங்களே..."

"போட்டேனுங்க."

"அதுக்கும் கழிச்சீங்களா?"

அவர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "கை பழகிப்போச்சுங்க. கம்பியப் பார்த்தா கழிச்சுத்தான் வாய்ல வருமுங்க. ஏனுங்க, தப்புங்களா?"

தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் தொழிலில் அது நேர்மை. காரில் அழுகல் இல்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கூவியதை எழுதிக்கொண்டு கூட்டிப் பார்த்த நான், ஒரு தரமாவது எழுந்து போய்க் கம்பியைப் பார்த்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டேன். பதினேழு நூறு, நூற்றுக்கு ஆறு. நூற்றிரண்டு ராத்தல். உன்னையும் சேர்த்துத்தான் கழித்திருக்கிறார். உன்னிலும் ஒன்பது ராத்தல் சாக்கும் மண்ணும் அழுகலுமாகப் போயிருக்கிறது. வண்டியின் உண்மையான எடை ஆயிரத்து எண்ணூற்று நாலு. பையில் கிடந்த லாகரிதம் புத்தகத்தை எடுத்துக் கனமூலம் பார்த்தேன். இருபது புள்ளி நாலு. மூன்று தரம் போட்டேன். பஸ் குலுங்கியது, விடை குலுங்கவில்லை.

நேராக உன் பட்டறைக்குத்தான் வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். அங்கே இரண்டு லாரி டிரைவர்கள் இருந்தார்கள், எங்கள் பள்ளி சயின்ஸ் வாத்தியாரும் இருந்தார். நீ கார்க் கதவில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாய்.

"வா வாத்தி! இவுகளுக்குச் செத்த அந்தக் கணக்கச் சொல்லு. நம்ப மாட்டேங்குறாக. என்ன, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"பஸ்ல வந்தது" என்றேன்.

அவர்களுக்கு நான் கணக்கைச் சொன்னேன். ஆயிரத்து எழுநூற்றிரண்டு, முப்பத்தேழு, நாற்பத்தாறு, மீதியில்லை. சயின்ஸ் வாத்தியார் 'அடேயப்பா' என்றார். அந்த அடேயப்பா எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் நடந்தது, வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அவர்கள் போனபிறகு நீயே கேட்டாய். பிரஷ்ஷைக் கெரசினில் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"ஏன் வாத்தி, ஒரு தைரியத்துக்குப் பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் பம்பரையும் கழட்டிப் போட்டுறவா? ஒரு நூறு ராத்தலாவது கொறயும்."

நூறு ராத்தல் என்று உன் வாயாலேயே சொன்னாய். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். நான் 'ஆமாம் கழட்டு' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கழிவைப் பற்றிக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மீதியில்லாத கணக்கு என்று மூன்று பேரிடம் சொல்லியிருந்தேன்.

"தேவையில்ல. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"சரி, விடு. நீ சொன்னா சரி" என்றாய்.

அந்தத் திடலில் காலை வெயில் சிமெண்டில் பட்டுக் கண் கூசியது. நான் முடிவுக்கோட்டில் நின்றேன். உன் வண்டி வருவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நப்பாசை, பத்திரிகைக்காரன் பெருக்கச் சொன்ன ஆறு தப்பாக இருக்கட்டும் என்று. அந்தப் பெண்டு கழன்ற பழைய கார் சிங்கம் மாதிரிதான் வந்தது. மேசைக்குப் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தவர் இங்கிலீஷில் படித்தார். இருபது புள்ளி நாலு.

என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் இவ்வளவு துல்லியமாக வந்தது அது ஒன்றுதான்.

நீ இறங்கி வந்தாய். என்னைத் திட்டுவாய் என்று நின்றேன். நீ குனிந்து உன் இடது காலைப் பார்த்தாய்.

"கிளச்ச விடுறதுல பிந்திட்டேன் வாத்தி. கால் நடுங்கிருச்சு. உன் கணக்கு மேல குத்தமில்ல."

மில் முதலாளியின் ஆள் நம்மைத் தாண்டி வேறு ஒரு வண்டியைப் பார்க்கப் போனார். நம் பக்கம் திரும்பவே இல்லை. ஊர் திரும்புகிற வழியில் விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கெண்டைக்காலில் ஓங்கி ஓங்கி அறைந்தாய். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டு காலியாக நம்மோடு வந்துகொண்டிருந்தது.

ஊரில் உனக்கு 'அரைச் செகண்டு' என்று பேர் வைத்தார்கள். 'அரைச் செகண்டு பட்டறை' என்றால் போதும், யாரும் வழி காட்டுவார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அடுத்த வருஷமும் பந்தயம் இருந்தது. போவோமா என்று கேட்டேன், இந்தத் தரம் நானே கம்பியைப் பார்க்கலாம் என்ற திட்டத்தோடு. "இந்தக் கால வச்சுக்கிட்டா? போ வாத்தி" என்றாய். வண்டியை வந்த விலைக்குக் கொடுத்தாய். அதன்பிறகு நரம்பு பிசகியிருக்கிறது என்று யாரோ சொல்ல, தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் வெள்ளிக்கிழமை தோறும் போய் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு வந்தாய். ஒரு குறையும் இல்லாத காலுக்கு எட்டு மாதம் வைத்தியம். நீ போய் வந்த சைக்கிள் என்னுடையது.

சொல்ல எனக்கு எத்தனை சந்தர்ப்பம்! ஆறு வருஷத்தில் நாம் ஒன்றாகக் குடித்த டீயை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு கிளாசும் ஒரு சந்தர்ப்பம். காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாக நீ கிடந்த கடைசி வியாழக்கிழமைகூட நீயே எடுத்துக் கொடுத்தாய். "அன்னைக்கு மட்டும் இந்தக் காலு ஒழுங்கா இருந்திருந்தா நான் கோயமுத்தூர்ல இருந்திருப்பேன், இல்ல வாத்தி?" என்றாய். என் வாய்வரை வந்தது. நான் உன் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டேன். "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டேன். சனிக்கிழமை நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். ஆட்கள் எல்லாம் போனபிறகு உன் சம்சாரத்திடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். எடைக்காரர், கழிவு, நூற்றிரண்டு ராத்தல், பஸ்ஸில் போட்ட கணக்கு, நீ பின் சீட்டைக் கழட்டவா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது. அவன் கால் பிந்தவில்லை, நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். துப்பினால் நன்றாக இருக்கும் என்றும் எதிர்பார்த்தேன்.

அவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அவுக மேல அம்புட்டுப் பாசமாண்ணே உங்களுக்கு? போன மனுசன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு பழிய உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிறீகளே. அவுகளே எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காக, வாத்தி கணக்கு தப்பாதுன்னு."

"இல்லம்மா, நெசமாத்தான்" என்றேன்.

"விடுங்கண்ணே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்" என்று உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்கள். மறுநாளைக்குள் விஷயம் பட்டறை வரை போய்விட்டது. இப்போது நான் தெருவில் நடந்தால் லாரி டிரைவர்கள் எழுந்து கும்பிடுகிறார்கள். சிநேகிதம் என்றால் இதுதான் என்கிறார்கள். சயின்ஸ் வாத்தியார் பிள்ளைகளிடம் என்னை உதாரணம் காட்டுகிறாராம். எடைக்காரரைக் கேட்கலாம் என்று ஒட்டன்சத்திரம் போனேன். மண்டியில் வேறொருவர் எடை போட்டுக்கொண்டிருந்தார். பழையவர் தன் மகன் இருக்கிற ஊருக்கே போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாதாம்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். விடையோடு வழியெல்லாம் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள். இந்தக் கணக்கை நான் யாரிடம் சொன்னாலும் பாசம் என்கிறார்கள். நான் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் இந்த ஊரில் ஒருத்தன்தான் இருந்தான்.